காவல் பதிவேடு

ஜுபைல் ஊரைத் தாண்டி நாற்பது கிலோமீட்டரில்
கம்பெனி போய்விட்டது, நாங்கள் இருக்கிறோம்.

முதலில் போனது மேனேஜரின் கார்.
பிறகு சாப்பாட்டு வண்டி, தண்ணீர் லாரி.
டீசல் தீர்ந்த ராத்திரி
ஆறு ஏசியும் ஒரே மூச்சில் நின்றன.
அந்த நிசப்தத்தில்தான் கேட்டது:
பக்கத்துக் கட்டில் மொஃபஸ்ஸல்
தூக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தான்.
ஏழு மாதம். ஏழு மாதம் ஒரு நாள்.

காத்மாண்டுவில் கையெழுத்துப் போட்டபோது
நான் எலெக்ட்ரீஷியன்.
இங்கே இறங்கியதும் வேறு தாள், வேறு எழுத்து,
கம்பி கட்டுகிறவன் என்றார்கள்.
ஐந்து மணி நேர விமானத்தில்
எந்த மேகத்துக்கு மேலே என் தொழில் மறந்துபோனதோ.

பாஸ்போர்ட்டுகள் ஆபீஸ் அறையில், இரும்புப் பெட்டியில்.
பெட்டிச் சாவி மேனேஜர் காரில்.
வாசலில் கிப்ரோனோ,
கெரிச்சோவிலிருந்து வந்த காவலாளி.
அவனுக்கும் சம்பளம் இல்லை,
ஆனால் யாரும் அவனிடம்
காவலை விட்டுவிடு என்று சொல்லவும் இல்லை.

குல்ஸமீனின் சிலிண்டரில்
கடைசியாகக் கொஞ்சம் வாயு இருந்தது.
"வெட்டிவிடுவேன்" என்றான்,
"ஆனால் உள்ளே இருப்பது காகிதம்.
இரும்பு சுட்டால் நீங்கள் எல்லோரும் சாம்பல்.
தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்."
இருந்தது ஒரு கேன், குடிக்கிற தண்ணீர்.
பதினொரு பேரும் கேனையே பார்த்தோம்.
ரொடெலியோதான் மூடியைத் திருகினான்.

கிப்ரோனோ நகர்ந்து வழிவிட்டான்.
பேனாவை உதறி, கடிகாரம் பார்த்துப் பதிவேட்டில் எழுதினான்:
இரண்டு பத்து. உள்ளே சென்றவர்கள் பதினொரு பேர்.

சிலிண்டரும் கேனும் ஒன்றாகத் தீர்ந்தன.
கதவு ஒரு பக்கமாகத் தொங்கியது.
உள்ளே ஒரு வாசனைத் திரவியம், பிரிக்காதது,
குழந்தையின் முடிக்கவ்வி ஒன்று, மஞ்சள்,
கம்பெனியின் வட்ட முத்திரை,
கொத்தமல்லிக் கட்டுக்குப் போடுகிற ரப்பர் பாண்டில்
நாங்கள்.

குல்ஸமீன் பெயர் கூப்பிட்டான், பள்ளிக்கூடம் மாதிரி.
படத்தில் இருந்தவர்கள் எங்களைவிடச் சதைப்பிடிப்பாக இருந்தார்கள்.
தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார்கள்.
மொஃபஸ்ஸல் தன்னுடையதை முகர்ந்து பார்த்துவிட்டு
"கொஞ்சம் கருகல்" என்றான், சந்தோஷமாக.

ஒன்று மிஞ்சியது.
பர்ஷுராம் சுனார். நேபாளம்.
நான்கு வருடம் முன்பு உள்ளே வந்த முத்திரை,
வெளியே போன முத்திரை இல்லை.
யாருக்கும் அந்த முகம் தெரியவில்லை.
யாரும் எதுவும் சொல்லவில்லை,
குல்ஸமீன் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான்.
"உன் நாட்டுக்காரன்" என்று என் கையில் வைத்தார்கள்.

கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரு நம்பர்.
இங்கே மூன்று மணி. அங்கே விடிந்திருக்கும்.
என் போனில் இரண்டு ரியால் மிச்சம்.
ஒரு பெண் எடுத்தாள், பின்னால் எருமைக் குரல்.
செத்தவன் வீட்டில் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?
பெயரை மட்டும் சொன்னேன்.
"ஏன், என்ன ஆச்சு?" என்றாள்,
"நேற்று ராத்திரிகூடப் பேசினாரே."

ஓடிப்போயிருக்கிறான்!
பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கே விட்டுவிட்டு,
புரைதா பக்கம் எங்கோ கார் கழுவுகிறானாம்,
மாதம் தவறாமல் பணம் வருகிறதாம்.
நான் இந்தியில் சொல்லச் சொல்ல
பதினொரு பேரும், தொண்டை காய்ந்து, இருமி இருமிச் சிரித்தோம்.
ரொடெலியோ முத்திரையை எடுத்து
தன் நெற்றியில் குத்திக்கொண்டான்.

வெளியே வரும்போது
கிப்ரோனோ என் கையிலிருந்த இரண்டு பாஸ்போர்ட்டையும் பார்த்தான்.
கேட்டான், சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேனா அசையவில்லை.
பிறகு எழுதினான்:
மூன்று நாற்பது. வெளியே வந்தவர்கள் பன்னிரண்டு பேர்.

அவனுடையது வேறு கம்பெனி, வேறு ஊர், வேறு பெட்டி.
அது அவனுக்குத் தெரியும்.
இருந்தும் நாங்கள் நகர்ந்ததும் உள்ளே போனான்,
இன்னும் சூடாறாத அந்தப் பெட்டிக்குள்
முழங்கைவரை கையை விட்டு
மூலை மூலையாகத் துழாவிக்கொண்டிருந்தான்.